மூன்றாவது பாத்தி

மயில்சாமி வருடத்துக்கு ஒரு முறை, மார்ச் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு என் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவான். வந்ததும் நான் முதலில் பார்ப்பது அவன் கைகளைத்தான். கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறவன். விரல்களில் எப்போதும் நாலைந்து புதுக் கீறல்கள் இருக்கும். இரும்புச் சுருள் கிழித்த தடம், சூடான துண்டைத் தொட்ட தடம். அவற்றைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். எல்லாம் தானாக ஆறிய கீறல்கள்.

அவனைப் பன்னிரண்டு வயதில் முதன்முதலாகப் பார்த்தேன். முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கீழே விழவில்லை, யாரும் அடிக்கவும் இல்லை. மூட்டுக்குள் தானாக இரத்தம் கசிந்து நிற்காமல் போயிருந்தது. ஹீமோபிலியா. இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களை ஃபேக்டர் என்கிறோம், பதின்மூன்று வரை எண் கொடுத்திருக்கிறோம். அதில் எட்டாவது அவன் உடம்பில் உற்பத்தியே ஆவதில்லை. நமக்கெல்லாம் அது ஐம்பது சதவீதத்துக்கு மேல் இருக்கும். அவனுக்கு ஒன்றுக்கும் கீழே. அவனை அன்று அழைத்து வந்தது பதினைந்து வயது அக்கா கோகிலவாணி. அம்மா இல்லாத வீடு. அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட்.

இந்தக் கதை நடந்த வருடம் என்னிடம் டாக்டர் ருக்சானா புதிதாகச் சேர்ந்திருந்தாள். கேள்வி கேட்பதற்குக் கூச்சப்படாத பெண். மயில்சாமியின் கையிலிருந்து இரத்தம் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்குள்ள என்ன வச்சிருக்காங்கன்னு உங்களுக்குச் சரியாத் தெரியுமா?"

"தெரியாமங்களா? பாத்திங்க."

"பாத்தியா?"

"ஆமாங்க. தோட்டத்துல கீரைப் பாத்தி போடறமில்லீங்க, அந்த மாதிரி. என்ற ஈரல்ல இருந்து துளியூண்டு சதையக் கிள்ளி, அதுல இருந்த தப்ப டாக்டரம்மா திருத்தி, கண்ணாடித் தட்டுல வளத்தினாங்க. தபால்தலை அளவுக்கு வந்ததும் வயித்துக்குள்ள நட்டுட்டாங்க. அது பாட்டுக்கு ஃபேக்டரச் சொரந்துட்டுக் கெடக்குது. நான் பாட்டுக்கு லேத்து ஓட்டிட்டிருக்கறேன்."

மாநாடுகளில் நாற்பது நிமிடம் படம் போட்டு நான் சொல்வதை அவன் கால் நிமிடத்தில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து நாங்களும் அதைப் பாத்தி என்றே சொல்ல ஆரம்பித்தோம்.

அவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன் ஏழு பேருக்குப் பாத்தி வைத்தோம். ஆறு பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதைத் தாக்கி வற்ற வைத்துவிட்டது. மயில்சாமிக்கு மட்டும் வேர் பிடித்தது, வளரவும் செய்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அதே முறையில் மீண்டும் மீண்டும் செய்து பார்த்தோம், வரவில்லை. உலகத்தில் உயிரோடு இருந்த ஒரே பாத்தி, கணபதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே மோட்டார் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தது.

அன்றைய அளவு ஐம்பத்தெட்டு. "பாஸ்" என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

ஜூலை மாதம் கோகிலவாணி வந்தாள். இடுப்பில் ஒன்றேமுக்கால் வயதுக் குழந்தை செந்தூரன்.

அம்மா வழியில் மகனுக்கு வருகிற நோய் இது. தனக்கு நோய் இல்லாமல் அதைக் கடத்துகிற அம்மாவைக் கேரியர் என்போம். மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கும் வரலாம். அந்தப் பயத்தில் கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தையே வேண்டாம் என்று இருந்தவள் கோகிலா. கடைசியில் பெற்றாள். அவனுக்கும் அதே நோய். அவன் பிறந்த வாரத்திலேயே நாங்கள் ஊசி ஆரம்பித்தோம், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நாலு மாதமாக ஊசியில் போகும் ஃபேக்டரை அவன் உடம்பு எதிரியென்று நினைத்து அழிக்கத் தொடங்கியிருந்தது. வேறு இரண்டு மருந்துகள் கொடுத்துப் பார்த்தோம். ஒன்று கேட்கவில்லை. இன்னொன்று வேண்டாத இடத்தில் இரத்தத்தை உறைய வைத்தது, பயந்து நிறுத்திவிட்டோம்.

குழந்தையின் வலது முழங்காலை அழுத்தாமல் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அவன் அழவில்லை, என் விரலைப் பிடித்து நகர்த்தினான்.

"நடக்கறானா?"

"நடந்துட்டிருந்தானுங்க. இப்ப பத்து நாளா தவழறான்." கோகிலா குழந்தையின் சட்டையைச் சரி செய்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? மயிலு வயித்துல இருக்கறதப் புட்டு இவனுக்குக் குடுக்க முடியும்னு எனக்குத் தெரியும். எங்க வூட்டுக்காரரு எங்கியோ படிச்சுட்டு வந்து சொன்னாரு. அதக் கேக்க நான் வரலீங்க. நீங்க அவன்கிட்டக் கேட்றக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன்."

முந்தின வாரமே நான் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். வாழைக்கட்டையிலிருந்து பக்கக்கன்றைப் பிரிப்பதுபோல அந்தப் பாத்தியைப் பிரிக்கலாம். வெளியே ஆறு மணி நேரம் உயிரோடு இருக்கும். அதே மரபணுப் பிழையுள்ள நெருங்கிய சொந்தக்காரர் உடம்பில் வேர் பிடிக்க வாய்ப்பு அதிகம். அதோடு, ஊசிபோல வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பாயாமல் சொட்டுச் சொட்டாக விடாமல் ஊறினால், குழந்தையின் உடம்பு அதைப் பழகிக்கொண்டு எதிர்ப்பதை நிறுத்தவும்கூடும்.

"அவன் இருபத்திரண்டு வருசம் படுத்துக் கெடந்தவனுங்க," என்றாள். "இப்பத்தான் எந்திரிச்சு நடக்கறான். அவன மறுபடி படுக்க வெச்சு என்ற புள்ளய எந்திரிக்க வெக்கணுமா?"

கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கேட்கவும் இல்லை. மயில்சாமியே வந்துவிட்டான். மச்சான் சொல்லிவிட்டாராம்.

பட்டறை உடுப்போடு என் எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டான். "பாதி வெட்டுனா எனக்கு எவ்வளவு மிஞ்சுமுங்க?"

"முதல்ல பத்து, பதினைஞ்சு இருக்கும். அப்புறம் வளரலாம். வளராமயும் போகலாம். வெட்டின அதிர்ச்சில மொத்தமா வாடிப் போறதுக்கும் வாய்ப்பு இருக்கு, மயிலு. உன்கிட்ட மறைக்க மாட்டேன்."

"பத்து வெச்சுட்டு லேத்து ஓட்டலாமுங்களா?"

"கூடாது."

மேஜை விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். "பட்டறைல சேந்த மொத வாரம் கையக் கிழிச்சுக்கிட்டேனுங்க. ரத்தம் வந்துது. மத்தவங்க துணி தேடி ஓடறாங்க. நான் நின்னு வேடிக்கை பாக்கறேன். ரெண்டு நிமிசத்துல நின்னு போச்சு. மொதலாளி 'ஏண்டா பைத்தியக்காரனாட்டம் சிரிக்கறே'ன்னு திட்டுனாரு." கட்டைவிரலை மேஜையிலிருந்து எடுத்தான். "பயமா இருக்குங்க டாக்டரம்மா. உடனே சரீன்னு சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரமாட்டேங்குது. பத்து நாள் குடுங்க."

"எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கோ. இல்லைன்னு சொன்னாலும் தப்பே இல்லை."

"அவனுக்கு நாள் இருக்குதுங்களா?"



பதினோராம் நாள் வந்தான். மோட்டார் சைக்கிளில் அல்ல, பஸ்ஸில். முழங்காலில் தடித்த உறை கட்டியிருந்தான். அடிபட்டதோ என்று பதறிவிட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. லீவு போட்டுட்டுப் பத்து நாளும் பழையபடி, பாத்தி இல்லாதவனாட்டம் இருந்து பாத்தேன். வண்டி எடுக்கல. கத்தி தொடல. படில கைப்புடி புடிச்சுத்தான் எறங்குனேன். மெல்லமாப் பல் வெளக்கறது, எல்லாம்." உறையைக் கழற்றி மடியில் வைத்தான். "முடியுதுங்க. புடிக்கல, ஆனா முடியுது. எங்க கையெழுத்துப் போடணும்?"

குழந்தையைச் சேர்ப்பதற்கு முந்தின நாள் குடும்ப விவரம் எழுதிக்கொள்ள ருக்சானா கோகிலாவை உட்கார வைத்திருந்தாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ருக்சானா கதவைத் திறந்து, "மேடம், இந்தம்மாவோட ஃபேக்டர் அளவு என்ன?" என்றாள்.

"அவங்க கேரியர். நோய் இல்லை. பழைய ஃபைல்ல இருக்கும் பாரு."

"பார்த்தேன் மேடம். 'கேரியர்'னு எழுதியிருக்கு. நீங்கதான் எழுதியிருக்கீங்க. அளவு இல்லை."

"எடுத்திருப்போமே."

"எடுக்கலை மேடம். பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட எடுக்கலை." அவள் குரல் உயரவில்லை. "மாசத்துல பத்து நாள் தீட்டு அவங்களுக்கு. பல் பிடுங்கினப்ப மூணு நாள் ரத்தம் நிக்கலை. பிரசவத்துல ஏழு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்காங்க."

நான் எழுந்து போனேன். கோகிலா ஏதோ தப்பு செய்துவிட்டவள்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?"

"எதயுங்க? அது எல்லாப் பொம்பளைங்களுக்கும் இருக்கறதுதானுங்களே." அவளுக்கு உண்மையிலேயே வியப்பு. "எங்கம்மாவுக்கும் அப்படித்தானுங்க. மில்லுல நின்னு வேல பாக்க முடியாம கெறக்கம் வந்துரும். மூணாவது கொழந்தைக்குப் போனாங்க, திரும்பி வரல. ரத்தப்போக்குன்னு சொன்னாங்க. மயிலுக்கு அப்ப நாலு வயசு." பிறகு லேசாகச் சிரித்தாள். "கேரியர்னு நீங்க மொதத் தடவ சொன்னப்ப எனக்கு ஒண்ணும் புரியலீங்க. சைக்கிள்ல பின்னாடி இருக்குமே, அதுவான்னு நெனச்சேன். மயில அதுல வெச்சுத்தான கூட்டியாந்தேன்."

அன்று மாலையே முடிவு வந்தது. பதினான்கு.

பாதி வெட்டிக் கொடுத்த பிறகு மயில்சாமிக்கு என்ன மிஞ்சும் என்று நாங்கள் இத்தனை நாளாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோமோ, அந்த அளவோடுதான் அவள் முப்பத்திநாலு வருடம் வாழ்ந்திருக்கிறாள். தம்பிக்குப் பனிக்கட்டி வைத்து, தூக்கிச் சுமந்து, மில்லுக்குப் போய், ஒரு குழந்தையும் பெற்று. கர்ப்ப காலத்தில் எட்டாம் ஃபேக்டர் தானாக உயரும். பிரசவம் ஆனதும் சரியும். அந்தச் சரிவில் அவள் போயிருக்க வேண்டியவள். இரத்தம் உறைவதைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் படித்தவள் நான். ஆண் குழந்தைகளின் முழங்காலைப் பார்த்தேன். அவர்களைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லித் தப்ப முடியாது. பரிசோதனைக் கருவி என் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கோகிலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது. "அய்யோ, விடுங்க டாக்டரம்மா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோகிலாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மயில்சாமியிடம் சொன்னபோது அவன் அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, "அப்ப மூணாப் பிரிங்க," என்றான்.

"டேய், உனக்கு என்ன கிறுக்கா?" கோகிலா எழுந்தே விட்டாள். "எனக்கு ஒண்ணுமில்ல. இத்தன நாள் இருந்தவளுக்கு இனி என்ன வந்துரப் போகுது?"

"நீ பேசாத உக்காரு அக்கா. டாக்டரம்மா, முடியுமுங்களா முடியாதுங்களா?"

"மூணாப் பிரிச்சா ஒவ்வொண்ணும் ரொம்பச் சின்னதாயிடும். ரெண்டாப் பிரிக்கறதையே நாங்க மிருகங்ககிட்டத்தான் பார்த்திருக்கோம். மூணும் வாடினாலும் வாடலாம்."

"கொழந்தைக்கு வேண்டியது கெடைக்குமுங்களா?"

"அவன் சின்ன உடம்பு. அவனுக்கு மூணுல ஒண்ணே போதும். குறையறது உனக்குத்தான்."

"எனக்கு முடியும்னுதான் பத்து நாள் பாத்துட்டனே." அக்காவின் பக்கம் திரும்பினான். "நீ பாத்துப் பாத்தா வாழ்ந்தே? உனக்கு இருக்கறதே தெரியாமயே லோல்பட்டிருக்கே. மூணுன்னா கையெழுத்துப் போடறேன். ரெண்டுன்னா நீயே உன்ற புள்ளகிட்டச் சொல்லிக்க, மாமன் குடுக்கலைன்னு."

கோகிலாவுக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. ஆனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "பத்து நாள் தீட்டு, அஞ்சு நாளாக் கொறையுமுங்களா?"

"குறையும்."

"அப்பச் சரீங்க," என்றாள்.

நெறிமுறைக் குழுவைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆயிற்று. மூன்றாவது துண்டு எதற்கு, ஒரு கேரியருக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். பதினான்கு என்று எழுதிய தாளை அவர் முன் வைத்தேன். ஆணின் பெயரோடு இந்த எண் வந்திருந்தால் கேட்டிருப்பீர்களா என்றேன். வேறு கேள்வி வரவில்லை.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மயில்சாமியை உள்ளே கொண்டுபோனோம். அறுவை செய்தது வேறொருவர். நுண்ணோக்கியின் கீழ் வெட்டும் வேலை என்னுடையது. ஒன்பது வருடத்துக்கு முன் தபால்தலை அளவில் நான் நட்டது, வெற்றிலை அளவுக்கு வளர்ந்து, மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓட, இளஞ்சிவப்பாக இருந்தது. அவ்வளவு அழகான ஒன்றின் மேல்தான் கத்தியை வைத்தேன். ருக்சானா நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு துண்டு அவன் உடம்பிலேயே. ஒன்று குழந்தைக்கு. ஒன்று கோகிலாவுக்கு. பகல் பன்னிரண்டரைக்கு மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் காத்திருப்புத்தான். முதல் வாரம் குழந்தைக்கு ஒன்றுமே ஏறவில்லை. இரண்டாவது வாரம் இரண்டு. நாலாவது வாரம் ஏழு. உடம்பின் எதிர்ப்பு மெல்ல இறங்கியது. டிசம்பரில் பதினெட்டைத் தொட்டான். பொங்கலுக்கு மறுவாரம் என் அறையில் ஒரு ஸ்டூலிலிருந்து குதித்துவிட்டு, எல்லோரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

மயில்சாமிக்கு ஒன்பதில் விழுந்து, பதின்மூன்றில் நின்றுவிட்டது. முதலாளி அவனை லேத்திலிருந்து எடுத்து, செய்து முடித்த சாமான்களை அளந்து பார்க்கும் மேஜையில் உட்கார வைத்தார். மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அளப்பான். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "போரடிக்குதுங்க," என்றான். "அவனுக பண்ணுன தப்பயெல்லாம் கண்டுபுடிச்சுச் சொன்னா ஒருத்தனும் எங்கூட டீ குடிக்க வரமாட்டேங்கறான்." குறையைச் சொல்லும்போதுகூட அவன் முகம் கடுகடுக்கவில்லை. ஆனால் லேத் ஓடும் சத்தம் கேட்கும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பது அவனுக்குக் கஷ்டம் என்று அவன் மச்சான் பிறகு சொன்னார்.

கோகிலாவுக்கு நாற்பது. பிறகு ஐம்பத்தைந்து. மே மாதம் எழுபத்தொன்று. மாதத்தில் ஐந்து நாள். முகத்தில் இருந்த வெளுப்புப் போயிருந்தது. "படியேறுனா மூச்சு வாங்கறதில்லீங்க. எல்லாருமே இப்படித்தான் இருந்தாங்களா இத்தன நாளா?" என்று கேட்டாள்.

ஜூனில் செந்தூரனுக்குக் காது குத்தினார்கள். நானும் ருக்சானாவும் போயிருந்தோம். சீர்த்தட்டுகளோடு வந்த தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தான். ஆசாரி கம்பியை எடுத்ததும் கூட்டத்தில் அத்தனை பேச்சும் நின்றது. இடது காது. ஒரு சொட்டு வந்தது. இன்னும் ஒரு சொட்டு. குழந்தை வீறிட்டான். யாரும் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. பெரியவர்களெல்லாம் அந்தச் சின்னக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க, எல்லாருஞ் செலையாட்டம் நிக்கறீங்க? கொழந்தைக்கு வாழப்பழத்தக் குடுங்க," என்றார். மூன்றாவது சொட்டு வரவே இல்லை. மயில்சாமி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "அந்தக் காதையுங் குத்துங்க," என்றான்.

அடுத்த பிப்ரவரியில் கோகிலாவை ஸ்கேன் எடுத்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு முறை எடுக்கச் சொன்னேன். அவளுக்குள் வைத்த துண்டு மூன்று மடங்கு ஆகியிருந்தது. மயில்சாமியுடையது ஒன்பது வருடத்தில் எட்டிய அளவை இது ஒன்றரை வருடத்தில் எட்டிவிட்டது. அதிலிருந்து ஊசி முனையளவு எடுத்து, சம்பந்தமே இல்லாத இருபது பேரின் இரத்தத்தோடு சேர்த்து வைத்தோம். பதினேழு பேருடையது அதைத் தாக்கவில்லை.

"ஏனுங்க அப்படி?" என்று கோகிலா கேட்டாள்.

"நிச்சயமாத் தெரியலை," என்றேன். "நாங்க நினைக்கறது இதுதான். ஒரு குழந்தையைச் சுமக்கும்போது உன் உடம்பு பாதி அந்நியமான ஒண்ணை விரட்டாம வச்சுக்கப் பழகியிருக்கு. அந்த உடம்புல வளர்ந்ததால இந்தப் பாத்திக்கும் அந்தப் பழக்கம் வந்திருக்கணும். போற இடத்துல சண்டை போடாம இருக்கக் கத்துக்கிட்டிருக்கு."

அவள் யோசித்தாள். "அப்ப இத்தன நாளா ஆம்பளைங்களுக்கு வெச்சு வெச்சுத்தான் வாடிப் போச்சுங்களா?"

ருக்சானா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பாத்தியிலிருந்து வெட்டிய முதல் கீற்றைக் கோகிலா தம்பிக்குத்தான் கொடுத்தாள். அதில் பேச்சே இல்லை. அவனுக்குள் அது முழுசாக வேர் பிடிக்கவில்லை, இருபத்தாறில் நின்றது. "லேத்துக்குப் போதாது, வண்டிக்குப் போதும்," என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு மறுபடி மோட்டார் சைக்கிளில் வர ஆரம்பித்தான்.

இரண்டாவது கீற்று, யாரென்றே தெரியாத ஒரு சிறுமிக்குப் போவதாக இருந்தது. இல்லை, சிறுவனுக்கு. பார்த்தீர்களா, இத்தனை நாள் பெண்களைப் பார்க்காமல் விட்டதற்கு இப்போது என் கை தானாகப் பெண் என்றே எழுதுகிறது. பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊர். ஆறு வயது. அவனுக்கும் ஊசி கேட்பதில்லை. அம்மா பெயர் பச்சையம்மாள்.

கொடுக்கும் நாளன்று காலையில் கோகிலா சம்மதப் படிவத்தை எழுத்துக்கூட்டி முழுசும் படித்தாள். கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினாள்.

"அந்தப் பையனோட அம்மாவுக்கு எவ்வளவு இருக்குங்க?"

"எடுத்திருக்கோம் கோகிலா. இப்ப எல்லாருக்கும் எடுக்கறோம். இருபத்தொண்ணு."

"அளவு எடுத்தீங்க, சரீங்க. கேட்டீங்களா?"

"என்ன கேட்டீங்களான்னு?"

"எப்படி இருக்கறாங்கன்னு."

நாங்கள் கேட்டிருக்கவில்லை. முந்தின நாள் மாலைதான் அவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பையனுடைய வேலையே சரியாக இருந்தது.

"சித்த இருங்க, வந்தர்றேன்," என்று கோகிலா ஆஸ்பத்திரிக் கவுனோடு எழுந்து நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். வராந்தா பெஞ்சில் பச்சையம்மாள் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். உதடு வெளுத்திருந்தது. கோகிலாதான் கொடுக்கப்போகிறவள் என்று தெரிந்ததும் காலில் விழ எழுந்தாள். கோகிலா அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பையனுக்குச் செரியாயிரும். அத உடு. உனக்கு எப்படி இருக்குது?"

"எனக்கின்னாக்கா? எனக்கு ஒண்ணுமில்ல."

"நானும் அப்படித்தான் சொல்லீட்டிருந்தேன்."

பச்சையம்மாள் மடியில் இருந்த துணிப்பையை எடுத்துக் கீழே வைத்தாள். கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, மெதுவான குரலில் பேச ஆரம்பித்தாள். எனக்கு என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியவளுக்குக் கேட்டது.

அறுவை அரங்கிலிருந்து எல்லாம் தயார் என்று ஆள் அனுப்பினார்கள். பிறகு இன்னொரு முறையும் அனுப்பினார்கள். பொறுக்கச் சொல்லிவிட்டு, நான் அந்த வராந்தாவிலேயே நின்றேன்.